செடி மருந்து

பட்டணத்தில் மருத்துவம் படித்தபோது, மருத்துவ ஒழுக்கத்துக்கென்று நான்கைந்து வகுப்புகள் நடத்தினார்கள். வாசலில் மாட்டும் போர்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம், இன்னொரு டாக்டரின் நோயாளியை இழுக்கலாமா என்பதுதான் பாடம். எதிரில் உட்கார்ந்திருப்பவளிடம் பொய் சொல்லலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தாளில் வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மதிப்பெண். நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அறுபதுகளின் நடுவில் செஞ்சிக்கே திரும்பி, கடைவீதியில் எங்கள் மளிகைக் கடையை ஒட்டி கிளினிக் வைத்தேன். ஒருநாள் மேல்சித்தாமூரிலிருந்து நயினார் வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். சமணக் குடும்பம். பிரசவமாகி மூன்று மாதம். இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லை. ஈரல் சத்து ஊசியை எடுத்தேன். அப்போது சோகைக்கு அதைத்தான் போடுவோம். மாட்டு ஈரலிலிருந்து எடுப்பது.

"டாக்டரம்மா, இது இன்னாத்துல செஞ்சது?" என்று கேட்டாள்.

அவர்கள் வழக்கம் தெரியாதவள் இல்லை நான். பூச்சி எதுவும் வாயில் போய்விடக் கூடாதென்று, பொழுது சாய்வதற்குள் சாப்பிட வீட்டுக்கு ஓடுகிறவர்களை எங்கள் கடையிலேயே பார்த்து வளர்ந்தவள். மேஜை டிராயரில் இரும்புச் சத்து மாத்திரையும் இருந்தது. மெதுவாகத்தான் கேட்கும், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அதைக் கேட்டு வாங்கியிருப்பாள். ஆனால் வெளியே கூட்டம். எனக்குப் பொறுமை இல்லை. படித்தவள் என்ற திமிர் வேறு.

"செடி மருந்துதாம்மா. திரும்பிப் படு" என்றேன்.

பத்து ஊசி போட்டதும் முகத்தில் களை வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த மாதம் மாமியாரோடு வந்தாள். அந்த அம்மாளுக்கும் சோகை. கிழங்கைக்கூடத் தொடாத விரதக்காரர்.

"ஊசியே வேணாம்னாங்க. செடியில செஞ்சதுன்னு எம் புள்ள தலையில அடிச்சி சத்தியம் பண்ணித்தான் கூட்டியாந்தேன். எனக்குப் போட்டதையே போடுங்க டாக்டரம்மா."

பிள்ளை அவள் மடியில் கால்களை உதைத்துக்கொண்டிருந்தது.

"அந்த ஊசி தீந்துபோச்சும்மா" என்று மாத்திரை கொடுத்தேன். ஊசி மருந்துப் புட்டிகள் எனக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தன. அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. உண்மையைச் சொன்னால் உடைந்துபோவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் மீதி.

பொய்ச் சத்தியத்தால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. டாக்டருக்கு இதுகூடத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பிள்ளை இருமினால் உடனே ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்ப்பேன்.

கடைவீதியில் எங்கே பார்த்தாலும் அவள் கேட்பாள்: "செடி ஊசி வந்துச்சா டாக்டரம்மா?"

"இன்னும் வரலம்மா" என்பேன். சொல்லிக்கொண்டே, அவள் இடுப்பிலிருக்கும் பிள்ளையின் நெற்றியில் கைவைத்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பேன்.