தலைவருக்கு இறக்கை முளைக்கும் வாரம்

கண்ணாடிக்காரர் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டதாம் என்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் கடைத்தெருவில் பேச்சாகிவிட்டது.

சொன்னவர் முடிதிருத்துகிறவர். அவருக்குச் சொன்னவர் சாவி வெட்டுகிறவர். சாவி வெட்டுகிறவர், அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற அம்மாவின் வாயாலேயே கேட்டாராம். "இங்க ஒரு உயிர் போயிட்டிருக்கு, இன்னைக்கு வரமாட்டேன்னு போன்ல சொன்னார். குரலே சரியில்ல. யாரு என்னன்னு கேக்க எனக்கு வாய் வரல" என்றாராம் அந்த அம்மா. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போடாத மனிதர். காய்ச்சலோடு வந்து கண்ணாடி தேய்த்தவர். அப்படிப்பட்டவர் வரவில்லை என்றால் போவது பெரிய உயிராகத்தான் இருக்க வேண்டும். பிரிந்துபோன மனைவியாக இருக்குமோ என்று ஒருத்தர் இழுக்க, பகலுக்குள் அது மனைவியேதான் என்று முடிவாகிவிட்டது.

மதியம் அவர் கதவைத் தட்டியது மேல்வீட்டம்மா. முகத்தைச் சாவு வீட்டுக்கு ஏற்றமாதிரி தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"என்னண்ணே இது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எப்ப எடுக்கிறாங்க?"

கண்ணாடிக்காரர் கதவைப் பாதி திறந்து நின்றார். வலது கை மட்டும் லேசாக மூடியிருந்தது.

"பூச்சிம்மா" என்றார்.

"யாரு?"

"கும்பிடுபூச்சி. என் பொண்ணோடது."

மேல்வீட்டம்மாவுக்குக் கொண்டுவந்த துக்கத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. "அந்த ஈ திங்கிறதா? நான் அடுப்ப அணைச்சுட்டு ஓடி வந்தேனே!" என்றார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி விடுங்க. பூச்சி தானே. இன்னொண்ண பிடிச்சுப் போட்டுட்டா ஆச்சு. அதுக்கென்ன தனித்தனி முகமா இருக்கு?"

அதற்கு முகம் இருந்தது. அது அவருக்குத் தெரியும், அவர் மகளுக்குத் தெரியும்.

மகளுக்குப் பதினாறு வயது. நான்கு வருஷமாகத் தாயோடு, ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊரில் இருக்கிறாள். கண்ணாடிக்காரர் குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. வேலையே அவருக்கு வினையாக இருந்தது. நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லை விளக்குக்கு நேரே பிடித்துக் கீறல் தேடுகிறவர், வீட்டிலும் எல்லாவற்றையும் அப்படியே பிடித்துப் பார்த்தார். மடித்த துணியில் ஒரு சுருக்கம், துலக்கிய பாத்திரத்தில் ஒரு கறை. மகள் குதிரை வரைந்து ஓடிவந்து காட்டினால், "பின்னங்கால் ஒண்ணு குட்டையா இருக்கே" என்பார். அவர் அளவில் அது குறை சொல்வதே இல்லை, பார்த்ததைச் சொல்வது. "உங்ககிட்ட இருந்தா எங்களுக்கே நாங்க கீறல் விழுந்த மாதிரி இருக்கு" என்று மனைவி சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு மகள் பிறந்தநாளுக்கு ஒரு போன், புது வருஷத்துக்கு ஒரு போன். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன்." "சரிப்பா, வைக்கிறேன்."

ஏழு மாதத்துக்கு முன்னால் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து இறங்கினார். மகளின் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆளுக்கொரு கும்பிடுபூச்சிக் குஞ்சு கொடுத்தார்களாம். "அது இந்த வீட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன்னு அக்கா நிக்குது. இவ அழுதுக்கிட்டு, அப்பாகிட்டக் குடுங்கன்னு சொன்னா. எனக்கென்ன, கொரியர் வேலை" என்று வைத்துவிட்டுப் போனார்.

டப்பாவுக்குள் எறும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஒன்று இருந்தது. இடது கண்ணுக்கு மேல் இருந்த மீசை பாதியில் ஒடிந்திருந்தது. அன்று இரவே மகள் கூப்பிட்டாள்.

"அவர் பேரு தலைவர்ப்பா."

"ஏன்?"

"பாருங்க, எப்பவும் கும்பிட்டுக்கிட்டே இருப்பாரு. கிட்டப் போனா ஆளையே முழுங்கிடுவாரு."

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததைக் கேட்டு அவளும் சிரித்தாள்.

அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி அவருடைய மணி ஆகிவிட்டது. வீடியோவில் தலைவரைக் காட்ட வேண்டும். டப்பா மங்கலாக இருக்கிறதென்று அவரே கண்ணாடி வெட்டி ஒட்டி, மேலே வலை மூடி போட்டுப் புதுப் பெட்டி செய்தார். வாழைப்பழத் தோலைப் பாட்டிலில் போட்டு ஈ வளர்த்தார். "ஊரெல்லாம் ஈ விரட்டுது, இவரு ஈக்குப் பண்ணை வச்சிருக்காரு" என்று மேல்வீட்டம்மா மாடிப்படியில் நின்று சொல்வது வழக்கமானது. பூச்சியிலிருந்து பேச்சு மெதுவாகப் பரீட்சைக்குப் போனது, தோழிகளுக்குப் போனது. ஒருநாள் பேச்சு வாக்கில், "நீ சாப்டியாப்பா?" என்று பழையபடி ஒருமையில் கேட்டுவிட்டாள். அவர் அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தார்.

போன மாதம் அவள் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவை தோல் உரிப்பாரு. அப்ப இறக்கை வந்துடும். இறக்கை வந்தா நான் நேர்லயே வந்து பாக்குறேன். அம்மாகிட்டக் கேட்டுட்டேன், மாட்டேன்னு சொல்லல. தண்ணி மட்டும் ரெண்டு வேளை ஸ்பிரே பண்ணுங்க. மறந்துடாதீங்க."

அவர் மறக்கவில்லை. கடை பாட்டில் ஒன்றை ஏழு தரம் கழுவி, காலையும் மாலையும் பீச்சினார். பீச்சி முடித்ததும் கண்ணாடியின் உள்பக்கத்தில் நிற்கிற துளிகளைக் கடைத் துணியால் ஒன்று விடாமல் துடைத்து எடுத்தார்.

புதுப் பெட்டியை முதல் தடவை காட்டியபோது, "அய்யோ, எவ்வளவு பளிச்சுன்னு இருக்குப்பா! கண்ணாடி இருக்கிறதே தெரியல" என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் பிறந்த நாளிலிருந்து அவர் செய்த எதையும் அவள் அப்படிப் புகழ்ந்ததில்லை. அந்தப் பளிச்சை அவர் ஒருநாளும் குறையவிடவில்லை. மழை மாதங்களில் காற்றிலேயே ஈரம் இருந்தது. தலைவர் நான்கு தோலைச் சட்டை கழற்றுவதுபோலக் கழற்றினார். இந்த மாதம் வறண்ட காற்று. மின்விசிறி வேறு பகலெல்லாம் ஓடியது.

ஐந்து நாளாகத் தலைவர் சாப்பிடவில்லை. முதுகில் இறக்கை மொட்டு உப்பியிருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் பார்த்தபோது வலையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். முதுகு வெடித்து, தலை வெளியே வந்து, பாதி உடம்போடு நின்றுவிட்டது. ஏழு மணிக்குக் கீழே விழுந்தார். கும்பிடும் கை இரண்டும் பழைய தோலுக்குள்ளேயே மாட்டியிருந்தன. வெளியே வந்தவரையிலான இறக்கை, கசக்கிய காகிதம் மாதிரி முதுகில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

அப்போதுதான் அவர் கடைக்குப் போன் செய்தது.

மெல்லிய தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, மாட்டிய கையின்மேல் தொட்டார். காய்ந்த தோல் மெதுவாக இளகியது. இன்னும் கொஞ்சம் நனைத்தார், இன்னும் கொஞ்சம் இளகியது. தூரிகை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஈரம். இவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவர் தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தார். நான்கு பக்கமும் ஒரு துளி இல்லை, ஒரு கோடு இல்லை. வெயில் அதற்குள் நேராகப் புகுந்து நேராக வெளியே போனது.

பதினொரு மணிக்கு வலது கையை விடுவித்துவிட்டார். அது வளைந்திருந்தது, மடங்கவில்லை. தலைவர் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார். அவை எதையும் அப்படித்தான் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார முடியவில்லை. பன்னிரண்டரைக்கு மீசை ஆடுவது நின்றது. கொஞ்ச நேரத்தில்தான் மேல்வீட்டம்மா கதவைத் தட்டினார்.

மாலையில் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற புதரில் போய் இன்னொரு கும்பிடுபூச்சியைத் தேடினார். அது அவருக்கே அசிங்கமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் குனிந்து, காய்ந்த செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்ததில் இரண்டு வெட்டுக்கிளி கிடைத்தது. கிடைத்திருந்தாலும் மீசையை யார் ஒடிப்பது?

"பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்கண்ணே" என்று கண் பார்க்கிற அம்மா போனில் சொன்னார். விஷயம் தெரிந்தும் அவர் சிரிக்கவில்லை. "பூச்சிக்கு ஆயுசு அவ்வளவுதான்னு அவளுக்குத் தெரியாதா?"

"ஆயுசு இல்லம்மா. நான் துடைச்சேன்."

"என்ன துடைச்சீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார். அதைச் சொன்னால் மகள் கத்தமாட்டாள். அதுதான் அவருக்குப் பயம். "பரவால்லப்பா" என்பாள். "சரிப்பா, வைக்கிறேன்" என்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி சும்மா வந்துவிட்டுப் போகும். அதற்கடுத்ததும்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "இறக்கை வந்தாச்சா? அம்மா சரின்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை ரயில்ல இடம் இருக்கு. டிக்கெட் போடவா?"

அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே பெட்டி. அதன் அடியில் தலைவரை ஒரு பஞ்சுத் துண்டின்மேல் வைத்திருந்தார். "போடு" என்று அடித்தார், அழித்தார். "அம்மாடி, ஒண்ணு சொல்லணும்" என்று அடித்தார், அதையும் அழித்தார். அவர் ஏதோ அடித்துக்கொண்டே இருக்கிறார் என்பது அந்தப் பக்கம் தெரிந்திருக்கும்.

பத்துக்குப் போன் அடித்தது. திரையில் அவள் முகம், போன வருஷத்துப் பள்ளிக்கூடப் படம். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அவள் என்றைக்கும் இரண்டாவது தடவை கூப்பிட்டதில்லை. அவர் மனதுக்குள் முதல் வரியைத் தேடினார். எதை எடுத்தாலும் அதற்கு அடுத்த வரி "சரிப்பா" என்றே வந்தது.

மூன்றாவது தடவை அடிக்கத் தொடங்கியபோது விரலைப் பச்சைப் பொத்தானுக்கு நேரே கொண்டுபோனார். தொடவில்லை. போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.