மூன்றாவது இரும்புக்கு ஒன்பது நாள்

மா சுன்-ஓக்குக்கு ஐம்பத்து நான்கு வயது. தென் கொரியாவின் சாங்வோன் நகரத்துச் சோதனைக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாகக் கார் பாகங்களை ஆட்டி, இழுத்து, உடைத்துப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. முழங்கால் வலி, இடுப்பு வலி, காதில் எந்நேரமும் எண்ணெய் பம்பின் இரைச்சல். போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

அந்த வசந்தத்தில் ஒரு சிறு கம்பெனி, சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பாகம் மூன்றை அனுப்பியிருந்தது. மேடுபள்ளச் சாலையில் பதிவு செய்த குலுக்கலை இயந்திரம் அப்படியே அதன்மேல் போட வேண்டும். ஆனால் எந்த இயந்திரம் சொன்னபடி கேட்டிருக்கிறது? பத்து சொன்னால் ஒன்பதுதான் தரும். அந்தக் குறையை ஈடுகட்டப் பல முறைகள் உண்டு. அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. சுன்-ஓக், அடி குறையக் குறைய இயந்திரத்துக்கு இடும் ஆணையைக் கூட்டிக்கொண்டே போகும் முறையைப் போட்டாள். வேகமாக முடியும். முதல் இரண்டு பாகங்களும் ஒவ்வொன்றும் ஒரே நாளில் உடைந்தன. கம்பெனி அவற்றை வடிவமைத்த தாக் இன்-கியோ என்ற பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டது.

மூன்றாவதை மாட்டும்முன் பழைய பதிவை எடுத்துப் பார்த்தாள். சராசரி சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அடியாகப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. சின்னச் சின்ன வேகமான குலுக்கல்கள் எட்டவில்லை என்று இயந்திரம் ஆணையைக் கூட்ட, பெரிய அடிகளெல்லாம் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக விழுந்திருந்தன. ஒரே சீரான அலைக்கு உரிய முறையைத் தாறுமாறான சாலைக்குப் போட்டிருக்கிறாள். இருபத்தாறு வருட அனுபவமாம், நல்ல அனுபவம்.

சாப்பாட்டு மேஜையில், வயதில் இளையவரான மேலாளர் குவாக்கிடம் பேச்செடுத்தாள்.

"ஒவ்வொரு அடியும் எட்டுற வரைக்கும் நின்னு நின்னு போற முறையில ஓட்டணும் சார். ஒன்பது நாள் ஆகும்."

"ஒரு நாள் வேலைக்கு ஒன்பது நாளா? எதுக்குக்கா திடீர்னு இவ்ளோ பக்தி?"

"கடைசிப் பாகமாச்சே, அதான்."

"சரி, ஓட்டித் தொலைங்க" என்று புளித்த முட்டைக்கோஸ் போட்ட கிம்ச்சிக் குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்தார் அவர்.

தினமும் காலையில் டார்ச் அடித்து விரிசல் தேடினாள். இது உடைந்தால் இரும்புதான் சொத்தை, அவள் தப்பு தப்பே இல்லை. ஏழாம் நாள் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அவளுக்கு உயிர் வந்தது. துடைத்துப் பார்த்தால் கிரீஸ். அந்தச் சந்தோஷத்தை நினைத்து அன்று முழுவதும் அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் இயந்திரம் நின்றது. பாகம் கல் மாதிரி இருந்தது. நடந்ததையெல்லாம் குவாக்கிடம் சொன்னாள்.

"மூணாவது பாஸ்னு எழுதிடலாம்க்கா. முதல் ரெண்டும் இரும்பு சரியில்லன்னு முடிச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்ல சார்."

முறையைத் தேர்ந்தெடுத்தவர் தவறு என்று அறிக்கையில் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். பிறகு இன்-கியோவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் இப்போது மசானில் அண்ணனுடைய விலாங்கு மீன் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ முதல் ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா. நான்தான் அளவுக்கு மீறி அடிச்சுட்டேன்."

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஒன்பது நாளாச்சு."

"ஒன்பது நாளும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"உடையணும்னு வேண்டிட்டு இருந்தேன்" என்றாள் சுன்-ஓக்.