பள்ளிக்கூடத் தண்ணீரில் நல்லெண்ணெய்

முதல் சனிக்கிழமை தண்ணீருக்குள் நின்றவர்கள்:

நான். வயது ஐம்பத்தெட்டு. இரவில் பேக்கரி வேலை. தலையில் முடி இல்லை.

மளிகைக்கடை அண்ணை. என்னை விட நாலு வயது மூப்பு. கதைக்காமல் நின்றதை நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டுத் தம்பி. கணினி வேலை. முப்பது வயதிருக்கும். மனைவி கடற்கரைக்குப் போகக் கேட்கிறாராம். அதற்காக வந்திருந்தார்.

நீச்சல் பழக்கும் பிள்ளை. பத்தொன்பது வயது. இங்கே பிறந்தவள்.

தண்ணீருக்கு வெளியே, கரையோரம் குந்தியிருக்கும் வாங்கில், இன்னும் ஒரு ஆள். என் தம்பியின் மகள். ஏழு வயது. நீந்தும் உடுப்புப் போட்டிருந்தாள். நீந்தும் கண்ணாடியும் போட்டிருந்தாள். அவளில் ஒரு துளி தண்ணீர் படவில்லை.

அவள் வாங்கில் இருந்ததற்குக் காரணம் நான்.

பள்ளிக்கூடம் கோடைக்குப் பூட்டுவதற்கு முதல் அவளிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடச் சபை விடுமுறையில் என்னென்ன நடத்துகிறது என்று அதில் இருந்தது. காலையில் வாசிப்பும் கணக்கும். பிறகு தமிழ் வகுப்பு. மத்தியானச் சாப்பாடு. திங்களும் புதனும் பின்னேரம் பள்ளிக்கூடத்து நீச்சல் தடாகத்தில் குடும்ப நீச்சல். எல்லாம் இலவசம். ஐந்து கிழமை.

என் தம்பி விடியுமுன் பிறம்ரன் நகரத்துக்கு வேர்ஹவுஸ் வேலைக்குப் போய்விடுவான். தம்பியின் மனைவிக்கு ஒஷாவாவில் வேலை, சனிக்கிழமையும் உண்டு. நான் அவர்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இருக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. பகலில் சும்மா இருப்பவன் நான்தான். தாளை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். தாளில் கட்டம் கண்டால் சரி அடையாளம் போடுவேன். அகதி மனுக் கொடுத்த காலத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன். அதற்காக மாதக்கணக்கில் பொறுத்திருந்தேன். பிறகு எந்தக் கட்டத்தையும் விட்டதில்லை. பல்லு டொக்டரின் தாளில் கர்ப்பமாக இருக்கிறேன் என்றும் சரி போட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தத் தாளிலும் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். அதில் ஒரு கட்டம், பிள்ளையோடு தண்ணீரில் இறங்கும் பெரிய ஆளுக்கு மிதக்கத் தெரியும் என்பது.

முதல் திங்கட்கிழமை தடாகத்தடியில் நீச்சல் பழக்கும் அந்தப் பிள்ளை தாளை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், நீங்கள்தானே கூட இறங்கிற ஆள்? ஓகே. ஒருக்கா மிதந்து காட்டுங்கோ. இருவது எண்ணும் மட்டும்."

"தெரியாது."

"ரிக் பண்ணியிருக்கிறீங்களே."

"ஓம். எல்லாத்துக்கும் போட்டிருக்கிறன்."

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், பிள்ளை சைவம். பிள்ளை ஹலால். பிள்ளைக்குச் சாப்பாடே வேண்டாம். மூண்டுக்கும் ரிக்."

"அவள் எல்லாம் சாப்பிடுவாள்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான் என்றாள். ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் தண்ணீரில் இருக்கவேண்டும். அந்த ஆளுக்கு இருபது எண்ணும் மட்டும் மிதக்கத் தெரியவேண்டும்.

"நெஞ்சளவு தண்ணிதானே. நிண்டால் போதாதோ?"

"சொறி அங்கிள், ஏலாது."

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு. அதில் நீந்துவது தவறி விழுந்தவன் மட்டும். இதை அவளுக்கு விளங்கப்படுத்த நான் முயலவில்லை.

அன்று மற்றப் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் குதித்தார்கள். எங்கள் பெட்டை கண்ணாடியைப் போட்டபடி வாங்கில் இருந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்.

"பெரியப்பா, இனிமேல் வாசிச்சிட்டு ரிக் போடுங்கோ."

"ஓம்."

"புதன்கிழமையும் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வரட்டோ?"

நான் தெருவைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு அதே தடாகத்தில் பழக்குகிறார்கள் என்று அந்தப் பிள்ளைதான் சொல்லியிருந்தாள். நாலு சனி. மூன்றாவது சனி சோதனை. அதில் மிதந்தால் திங்கட்கிழமை பெட்டையோடு இறங்கலாம். கடைக்குப் போய்க் கறுப்பு நீச்சல் கழிசான் ஒன்று வாங்கினேன். இடுப்புக் கயிறு நான் வீட்டில் கட்டும் சாறத்தை விட உறுதி.

முதல் சனி நான் நேரே கீழே போனேன். இரண்டாம் தரமும் போனேன். பிள்ளை முதுகில் கை கொடுத்துப் பிடித்தாள்.

"அங்கிள், இரும்பு மாதிரி இருக்கிறீங்கள். ரிலாக்ஸ் பண்ணுங்கோ."

"ரிலாக்ஸாத்தான் இருக்கிறன்."

"முகம் அப்பிடிச் சொல்லேல்லை."

"முகம் எப்பவும் உப்பிடித்தான்."

"ஓம்," என்று வாங்கில் இருந்து பெட்டை சொன்னாள். "வீட்டிலையும் அதுதான் முகம்."

இரண்டாம் சனியும் தாழ்ந்தேன். கடைக்கார அண்ணையும் தாழ்ந்தார். தமிழ்நாட்டுத் தம்பியின் தலை மிதந்தது, கால் மிதக்கவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் அண்ணை துவாயால் காதைக் குடைந்துகொண்டு காரணம் சொன்னார்.

"உடம்புச் சூடு."

"என்ன?"

"யோசிச்சுப் பார். சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் வைச்சு முழுகிற ஆக்கள் நாங்கள். இந்த வகுப்பால ரெண்டு சனி முழுகேல்லை. உடம்பிலை சூடு ஏறிட்டுது. சூடு ஏறின உடம்பு இறுகும். இறுகின உடம்பு தாழும்."

தமிழ்நாட்டுத் தம்பி தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க ஊர்லயும் சனிக்கிழமைதான் அண்ணா எண்ணெய்க் குளியல்."

"பார். ரெண்டு நாட்டுச் சனமும் பிழையாச் சொல்லுமோ?"

எனக்கும் கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. அது தண்ணீரில் போட்ட மருந்தால் என்று பிறகு தெரிந்தது. அப்போது அண்ணை சொன்னது சரியாகப் பட்டது.

மூன்றாம் சனி, சோதனை நாள். அண்ணை கடையில் இருந்து நல்லெண்ணெய்ப் போத்தல் கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடக் கார்த் தரிப்பிடத்தில், அவருடைய வான் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, மூன்று பேரும் எண்ணெய் வைத்தோம். உச்சி, காது, முழங்கால், உள்ளங்கால். எனக்கு முடி இல்லை. அதனால் எண்ணெய் இன்னும் நன்றாகப் பிடித்தது. அண்ணை என் மண்டையைத் தட்டித் தட்டி இறக்கினார். பெட்டை தள்ளி நின்று பார்த்தாள்.

"முழுகாமல் போறதோ?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கைதானே போறம். அங்கை முழுகுவம். என்னத்துக்கு ரெண்டு தரம்?"

அதுவும் சரியாகப் பட்டது.

உள்ளே போனதும் ஷவரில் நின்றோம். சவர்க்காரம் யாரும் கொண்டுவரவில்லை. பிறகு இறங்கினோம். பிள்ளை சீட்டியை வாயில் வைத்தாள். ஊதவில்லை. தண்ணீரைப் பார்த்தாள்.

தண்ணீரில் வானவில் ஓடியது. அண்ணையில் இருந்து ஒன்று, தம்பியில் இருந்து ஒன்று, என்னில் இருந்து பெரிதாக ஒன்று. மூன்றும் நடுவில் சேர்ந்தன.

"அங்கிள்ஸ்," என்றாள். "வட் இஸ் திஸ்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணை கூடத் திறக்கவில்லை. அவள் குனிந்து விரலால் தொட்டு மணந்து பார்த்தாள்.

"இது அம்மம்மா தோசைக்கு ஊத்திற எண்ணெய்."

"நல்லெண்ணெய், பிள்ளை," என்றார் அண்ணை. "கலப்படம் இல்லை. என்ரை கடைச் சாமான்."

"வொய்? ஏன்?"

"சூடு தணிய. பிறகு எண்ணெய் மிதக்கிற சாமான்தானே. எங்களையும் கொஞ்சம் தூக்கும்."

அவள் சீட்டியை ஊதினாள். வெளியே வரச் சொன்னாள். பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் ஆள் நீளத் தடியில் வலையோடு வந்தார். வலையில் எண்ணெய் நிற்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தடாகத்தைப் பூட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். சோதனை இல்லை. இனி ஒரே ஒரு சனி. அதற்குப் பிறகு குடும்ப நீச்சலுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு கிழமை.

உடுப்பு மாற்றிவிட்டு வந்தேன். பெட்டை நீந்தும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அந்தக் கோடையில் தடாகத்தடியில் அவள் அதைக் கழற்றி நான் கண்டது அதுதான் முதல் தரம். கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் பதிந்திருந்தது.

வீடு வரும் மட்டும் அவள் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. எனக்கு அது பழக்கம். அவளுக்குப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேஸ்மென்றுக்கு இறங்கி வந்தாள்.

"பெரியப்பா, படுங்கோ."

"என்னத்துக்கு?"

"கார்ப்பெற்றிலை படுங்கோ."

படுத்தேன். அவள் என் தலைமாட்டில் நின்று பார்த்தாள்.

"தலையைத் தூக்கிப் பிடிக்கிறீங்கள். தண்ணியிலையும் அப்பிடித்தான். அதாலைதான் கால் கீழ போகுது. எண்ணெயும் இல்லை, சூடும் இல்லை. நான் எல்லாரையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறன்."

அது உண்மை. அவளை விட அதிகமாக அந்தத் தடாகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

"நித்திரை கொள்ளேக்கை தலையைப் பிடிக்கிறீங்களோ?"

"இல்லை."

"அப்ப விடுங்கோ."

விட்டேன். விடுவது சுலபம் இல்லை. கழுத்து என் சொல்லைக் கேட்கவில்லை. அந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முதல் அரை மணித்தியாலம் கார்ப்பெற்றில் படுத்தேன். வியாழக்கிழமை நித்திரையாகிப் போனேன். பேக்கரிக்குப் பிந்திப் போனேன். மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்டார். நீந்தினேன் என்றேன்.

நாலாம் சனி பிள்ளை கதவடியில் ரிசு பேப்பரோடு நின்றாள். ஒவ்வொரு தலையாகத் துடைத்துப் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அண்ணை கோப்பை கழுவும் சவர்க்காரத்தால் மூன்று தரம் முழுகி வந்திருந்தார். அவரில் எலுமிச்சம்பழம் மணத்தது. என் மண்டையில் பேப்பர் கீச்சிட்டது.

"பாஸ்," என்றாள்.

எண்ணுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று பெட்டையைக் கூப்பிட்டாள். அவள் வாங்கில் இருந்து எழும்பித் தடாகக் கரைக்கு வந்தாள்.

"தமிழிலை எண்ணட்டோ? தமிழ் வகுப்பிலை ஒரு கிழமைக்குப் பத்துப் பத்தாச் சொல்லித்தாறவை. நாலு கிழமை முடிஞ்சுது. நாப்பது வரைக்கும் எனக்குத் தெரியும்."

"இருவது போதும்," என்றாள் பிள்ளை.

முதலில் தம்பி. இருபத்திரண்டு வரை மிதந்தார். எழும்பியதும் மனைவிக்குச் செய்தி அனுப்ப ஓடினார். அடுத்தது அண்ணை. பன்னிரண்டில் வாயைத் திறந்து என்னவோ சொல்லப் போனார். வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது.

பிறகு நான்.

சாய்ந்தேன். பிள்ளை முதுகில் இருந்து கையை எடுத்தாள். கழுத்தை விட்டேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போனது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. மேலே கூரையில் குழாய்கள் ஓடின. ஒரு குழாயில் பழைய பலூன் ஒன்று சிக்கியிருந்தது. கரையில் அண்ணையின் வாய் திறந்து திறந்து மூடியது. அவர் கதைத்தும் எனக்குக் கேட்காமல் போனது அன்றுதான். பெட்டையின் வாயும் அசைந்தது. எந்த எண்ணில் நிற்கிறாள் என்று தெரியவில்லை. பேசாமல் கிடந்தேன்.

தலை சுவரில் முட்டியது. எழும்பினேன்.

"அங்கிள், இருவதிலை கை தட்டினனான்," என்றாள் பிள்ளை.

"கேக்கேல்லை."

"இந்தாள் நித்திரை எண்டு நினைச்சன்," என்றார் அண்ணை. "ஆளை இழுப்பம் எண்டு இறங்கப் போனன்."

"நீங்கள் இறங்கினால் உங்களை ஆர் இழுக்கிறது?" என்று பெட்டை கேட்டாள்.

பிள்ளை அட்டையில் செருகிய தாளை நீட்டினாள். "திங்கள் பின்னேரம் ரெண்டு பேரும் தண்ணிக்கை வாறீங்கள். இதை மட்டும் நிரப்பித் தாங்கோ."

தாளில் ஒரு கட்டம் இருந்தது. ஈரக் கையோடு பேனாவை வாங்கிச் சரி போடப் போனேன். பெட்டை பேனாவைப் பறித்தாள்.

"பெரியப்பா, இது ரிக் போடுற கட்டம் இல்லை. எவ்வளவு எண்டு எழுதிற கட்டம்."

கண்ணாடியைக் கண்ணில் இழுத்து மாட்டிக்கொண்டு அவளே எழுதினாள். இலக்கத்தில் எழுதவில்லை, தமிழ் எழுத்தில் எழுதினாள். தாளை எனக்கு நேரே பிடித்தாள். இந்த முறை வாசித்தேன்.

நாற்பத்தொன்று.