எந்தப் பாகம்?

உலகத்தில் தண்ணீர் மேலே ஏற இரண்டே காரணங்கள்தான். ஒன்று சூரியன், மற்றொன்று எங்கள் சின்னத் தாத்தா. சூரியனாவது மழைக்காலத்தில் லீவு போடும். சின்னத் தாத்தா போட்டதில்லை. அவர் பிறக்காமல் இருந்திருந்தால் இந்த ஊரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒருவரும் பல் துலக்கியிருக்க மாட்டார்கள்.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர் அவர். என் தாத்தாவின் தம்பி. கல்யாணமே செய்துகொள்ளாமல், எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டிலும் ஸ்பேனர் பெட்டியுமாகக் காலத்தை ஓட்டியவர். போன மாதம் இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "வயசாச்சு, போயிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் காபி குடித்தார்கள். அவர் காதில் விழுந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து சண்டை பிடித்திருப்பார்.

ஏனென்றால் அவர் காது பொறுக்காத ஒரே கெட்ட வார்த்தை 'பழசு'. "பழைய மோட்டார், அதான் நின்னுடுச்சு" என்று வீட்டுக்காரர் யாராவது சொன்னால் போதும்.

"பழசாப் போனதால எதுவும் நிக்காதுய்யா. ஏதோ ஒரு பாகம் போயிருக்கும். எதுன்னு கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன் சொல்ற சாக்கு அது."

கழற்றிப் பார்த்து, தேய்ந்த பேரிங்கையோ கிழிந்த வாஷரையோ துடைத்து, அந்த வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைத்த பிறகுதான் கை கழுவுவார்.

அப்படிப்பட்டவருக்கு, சட்டைப் பட்டன் போடுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார்.

"பயப்படாதீங்க பெரியவரே. வயசுதான்."

"எந்தப் பாகம்?"

"தனியா எதுவும் இல்ல. எல்லாமே கொஞ்சம் கொஞ்சமா..."

வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தட்டைத் தொடவில்லை. "திறந்து பார்க்காமலே பழசுன்னு ஓரங்கட்டிட்டான்மா" என்று அம்மாவிடம் சொன்னார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கரண்டு ஆபீஸ் அதிகாரியாகக் குரலை மாற்றிப் போனில் பேசிப் பாதித் தெருவை ஓடவிட்டவன் நான். நண்பனின் போனை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு மொட்டை மாடி ஏறி, சின்னத் தாத்தாவின் போனுக்கு அடித்தேன்.

"ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம் சார். ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தோம். இதயத்துல ஒரு வால்வு தேஞ்சிருக்கு. ரத்தம் பின்னால கசியுது."



"மாத்த முடியாதா?"

"இந்த வயசுல திறக்க முடியாது சார்."

"சரி. எதுன்னு தெரிஞ்சுதே, போதும்."

அன்றைக்குச் சாப்பிட்டார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முஷ்டியை மூடித் திறந்து, கசிவு எந்தப் பக்கம் என்று விளக்கினார். பிறகு முஷ்டி முழுதாக மூடவில்லை. சோறு கஞ்சியானது, கஞ்சி வெறும் தண்ணீரானது.

கடைசியாகப் பேசிய சாயங்காலம், ஸ்பூனால் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து, ஸ்பூனை எடுத்துக் கீழே போட்டு, உள்ளங்கையை விரித்தார். எடையே இல்லாத தன் கையை அதில் வைத்தார்.

"எல்லாமேதான் தேஞ்சிருக்கு. நல்லாப் பார்த்துக்கங்க, டாக்டர்."

"எ... எந்த டாக்டர்?"

"மொட்டை மாடி டாக்டர். பேசறப்போ பாதியில கீச்சுன்னு குரல் உடையுதே, அவர்தான்."