அரைப் பூவுக்கு ஓர் இடம்

இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடித்தது. வெள்ளிக்கிழமை, பழைய பாரசீக அரசர்களின் இடிந்த தக்த்-ஏ-ஜம்ஷீத் அரண்மனையின் கிழக்குப் படிக்கட்டு. காற்று பலமாக இருந்தது. மாஹ்ருக் தாளின் மேல்முனைகளைக் கல்லோடு அழுத்தினாள். அப்பா நவ்ரூஸ் அலி கீழே குந்தியிருந்தார்.

"ஆடாம பிடி. மெஷினை வெச்சு மலையை அளக்குறவளுக்கு ஒரு தாளைப் பிடிக்கத் தெரியல."

"மலை காத்துல பறக்காது, பாபா."

ஒரு கல்துண்டின் உடைந்த ஓரம் தாளில் கறுப்பு மையால் வரையப்பட்டிருந்தது. சுவரின் உடைப்போடு அது பொருந்தவில்லை. அவள் கையை எடுப்பதற்குள் அவர் அடுத்த உடைப்புக்குப் போய்விட்டார்.

நவ்ரூஸ் அலிக்கு உட்காரவே வராது. முப்பத்தொரு வருடம் அங்கே விரிசல் அடைத்தார், பாசி துடைத்தார், மழைக்கால்வாய் தூர்வாரினார். தேநீரும் நின்றபடிதான், வாயில் சர்க்கரைக் கட்டி கரைவதற்குள் தம்ளர் காலி. அவ்வளவு நேரம் பேருந்தில் உட்கார வேண்டுமே என்று மஷ்ஹத் யாத்திரைக்குக்கூடப் போகவில்லை. காவலாளி குத்ரத் அதற்காகவே, போய்வந்தவர்களுக்குரிய பட்டத்தைச் சூட்டி, "மஷ்தி, மஷ்தி" என்று சீண்டுவார்.

அந்தத் துண்டு வசந்தத்தில் கால்வாய்ச் சேற்றில் கிடைத்தது. உள்ளங்கை அகலம், பன்னிரண்டு இதழ்ப் பூவில் பாதி. அரசருக்குக் காணிக்கை சுமந்து படியேறும் கல் மனிதர்களைச் சுற்றி ஓடும் பூவரிசையில் ஒன்று. அங்கே அத்தகைய பூக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எப்படித் திருப்பினாலும் அதே பூ. உடைந்த ஓரம் ஒன்றுதான் அடையாளம். துண்டை அலுவலகத்தை விட்டு வெளியே எடுக்க அனுமதி இல்லாததால் தாளில் வரைந்துகொண்டார். மாத முடிவுக்குள் இடம் தெரியாவிட்டால் அது ஷிராஸ் நகரக் கிடங்குக்குப் போகும் என்று அலுவலகம் சொல்லியிருந்தது.

"பொட்டியில போட்டு மூடிட்டா அப்புறம் எவன் தேடுவான்?" என்று வீட்டில் சோற்றுத் தட்டோடு நடந்துகொண்டே கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏணியில் நின்றபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்து வந்தவர்கள் கலைந்தபின் மாஹ்ருக் அவருடைய வேலைப்பையைத் திறந்தாள். காய்ந்த ரொட்டி. பார்த்து முடித்த உடைப்புகளைக் குறித்த நோட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு. 'இடம்' என்ற கட்டம் மட்டும் நிரப்பப்படாத அலுவலகப் படிவம். தாள்.

தாளைச் சுருட்டும்போது விரலில் நறநறவென்று பட்டது. மைக்கோடு இருந்த பக்கத்தில் கல்தூள் அப்பியிருந்தது. மறுபக்கம் சுத்தம்.

நில அளவைப் பொறியாளர் அவள், வரைபடங்களோடுதான் பிழைப்பு. துண்டின்மேல் தாளை வைத்து வரைந்தால் மை வெளியே இருக்கும். சுவரில் வைக்கும்போதும் வெளியேதான் இருக்க வேண்டும். கைவியர்வையில் அழியாமலிருக்க அவர் மையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோடு இடவலம் மாறிவிட்டது. எது மேல்பக்கம் என்று காட்ட ஓர் அம்பு போட்டிருந்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது மேலேதான் காட்டியது, தவறு தெரியவில்லை. ஏழு மாதம் அப்படியே தேடியிருந்தார். வெள்ளிக்கிழமை அவளும் அரைமணி நேரம் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மறுநாள் காலை, தாள் திரும்பியிருந்த கதையை அவள் சொல்லக் கேட்டுவிட்டு, குத்ரத் தன் அறைக்கு வெளியே நாற்காலி போட்டார்.

"உட்காரும்மா, டீ குடி."

"நின்னுக்கறேன், சித்தப்பா."

"அப்பன் பொண்ணு! எத்தனை இடம் பாக்கணும்?"

"அவர் பாத்தது எல்லாம். மறுபடி."

"மஷ்தி கேட்டா சிரிச்சிருப்பார்."

"எங்க சிரிப்பார்? தாளைப் பிடுங்கிக்கிட்டு ஓடியிருப்பார்."

குத்ரத் படிக்கட்டுக்குக் கூடவே வந்து தாளின் மேல்முனைகளைப் பிடித்தார். மை வெளியே இருந்தது. முதல் உடைப்பு பொருந்தவில்லை. இரண்டாவதும் இல்லை. பதினேழாவதில் அவருக்குக் கை வலித்தது. அவள் அதற்குள் பதினெட்டாவதன் முன் நின்றாள்.

படிவம் பையில் இருந்தது. மாதம் முடியும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் அதை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.