கம்பி இல்லாத வாசல்

தனி வீடு கட்டக் காணி கிடைத்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முன் வாசலுக்கு மேலே செங்கல் வளைவு வேண்டும். பிறந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவள் நான். பத்துக் குடும்பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை, ஒரே மாதிரிக் குட்டை வாசல், குனிந்தே போய் வந்தாயிற்று. என் வீட்டு வாசல் தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கொத்து வேலைக்குப் பண்டாரவளையிலிருந்து வந்த மேசன் பாஸ் சிரித்தார்.

"அம்மா, கம்பி கட்டி பீம் ஒன்னு போட்டா சோலி முடிஞ்சிரும். வெறும் கல்லு நிக்காது."

"அந்தப் பாலத்துல எத்தனை கம்பி இருக்கு, சொல்லுங்க தம்பி?"

"அது வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். நெறைய இருக்கும்."

"ஒன்னுகூட இல்ல. கல்லு, செங்கல்லு, சிமெந்து, அவ்வளவுதான். மேல ரயில் போகுது!"

பாஸ் என் மகனைப் பார்த்தார். மகன் போனில் தேடிவிட்டு, "அம்மா சொல்றது சரிதான் பாஸ்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் அந்தப் பாலத்தடியில் கொழுந்து எடுத்த காலமெல்லாம் அண்ணாந்து பார்த்தவள், ஒரு கல் அடுத்த கல்லை எப்படி நெருக்கிப் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியும். விடவில்லை நான். "தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலயே சுரங்கம் போகுது. மலையைச் சுத்துற ரயில் அந்த ஸ்டேஷனுக்குக் கீழேயே நுழையுது. ஸ்டேஷன் இன்னும் விழலியே?" என்றேன்.

"சரிம்மா. தாங்குற பலகையைக் கழட்டுறப்ப விழுந்துச்சுன்னா பீம்தான். அப்புறம் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

அரைவட்டமாகப் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் செங்கல் ஏற்றினார். உச்சியில் வைக்கும் நடுக்கல்லை மூன்று தடவை செதுக்கினார். அந்த மனிதருக்கும் வீம்பு வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். பிறகு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியது நான்தான்.

பலகை கழற்றுகிற அன்று லயமே வந்து நின்றது. என் தம்பி பெண்சாதி கத்தினாள், "மதினி, தலையில சட்டியைக் கவுத்துக்கங்க!"

நான் நேரே போய் வளைவுக்கு அடியில் நின்றேன்.

"வெளிய வாங்கம்மா!" பாஸ் ஓங்கிய சுத்தியலை இறக்கினார்.

"நீங்க கட்டுனதுல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா? தட்டுங்க தம்பி."

முட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். பலகை சரேலென்று இறங்கியது. என் தலையில் சிமெந்துத் தூள் கொட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன், பொய் சொல்வானேன். திறந்து பார்த்தால் மேலே செங்கல்லெல்லாம் அப்படியே நிற்கிறது! எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன் என்றும் சொல்கிறார்கள்.

பாஸ் ஏணி வைத்து ஏறி, வளைவின் உச்சியிலேயே குந்திக்கொண்டார். கீழே இறங்க மனம் வரவில்லை அவருக்கு.

"அம்மா, பின் வாசலுக்கும் இதே மாதிரி கட்டிருவமா?"

"அங்க பீம் போடுங்க தம்பி. ஆட்டுக்குட்டிதான் போகும்" என்றேன்.