புள்ளிகளுக்குக் கிடைத்த ஒரு சீட்

எங்கள் ஊரில் எனக்குக் கார்ட் டீச்சர் என்று பெயர். களுவாஞ்சிக்குடியில் இருபத்தைந்து வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், அதற்காக ஒருத்தரும் பட்டம் தரவில்லை. யாராவது பிரிஜ் வாங்கப் போனால் நானும் கூடப் போவேன். கடையில் என் கடனட்டையை நீட்டுவேன், அவர்கள் கொண்டுவந்த காசை என் கையில் தருவார்கள், நான் அதை அப்படியே வங்கியில் கட்டிவிடுவேன். காசு அவர்களுடையது, செலவுக்கு வங்கி தரும் புள்ளி என்னுடையது. கல்யாண வீட்டு அலுமாரி, வட்டை வயலுக்குப் போடும் பசளை, பக்கத்து வீட்டுப் பெடியனின் மோட்டார் சைக்கிள் டயர் என்று எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் என் கார்ட் படாத பொருள் குறைவு.

"டீச்சர், நாளைக்குக் கல்முனைக்குப் போறம், உங்கட கார்டும் வருமா?" என்று கேட்பார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை, கார்டைத்தான் கூப்பிடுவார்கள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே சீலையை மாற்றுவேன்.

ஒருமுறை செத்த வீடொன்றுக்குப் பெட்டி எடுக்கப் போனவர்களோடும் போனேன். கடைக்காரர் மெசின் பழுது என்றார். அழுதுகொண்டிருந்த சனத்துக்கு நடுவில் எனக்கு வந்த முதல் கவலை, இத்தனை புள்ளி போய்விட்டதே என்பதுதான். வெட்கம் பிறகுதான் வந்தது. மானம் ரோசம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவைத்துவிட்டுத்தான் ஒன்பது வருடம் அந்தப் புள்ளிகளைச் சேர்த்தேன்.

எல்லாம் தம்பிக்காக. எனக்கு ஒரே ஒரு தம்பி. இருபது வயதில் ஏஜென்டைப் பிடித்து சுவிஸுக்குப் போனவன். அகதியாகப் பதிந்ததால் இங்கே வர முடியாது. அங்கே கல்யாணம் என்று ஒன்று நடந்து, அதுவும் முறிந்து, தனியாக ஓர் அறையில் இருந்தான். நாற்பது தாண்டியதும் இருதயம் பலவீனமாகிவிட்டது. வேலை செய்ய முடியாமல் அரசாங்கம் கொடுக்கும் உதவியில் காலம் தள்ளினான். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இருபத்து மூன்று வருடமாக மகனைப் போனில்தான் பார்க்கிறார். அம்மாவை ஒருதரம் அவனிடம் அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இருந்த ஆசை.

டிக்கெட்டின் விலை என் ஆறு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். கொழும்புக்கு அலைந்த செலவிலும் காப்புறுதிக் கட்டணத்திலும் என் சங்கிலியும் காப்பும் அடகுக்குப் போய், போன இடத்திலேயே இருந்தன. ஆகவே புள்ளிதான் கதி. வங்கிப் புள்ளிகளை விமானக் கம்பனியின் மைல்களாக மாற்ற வேண்டும், அந்த மைல்களைக் கொடுத்துச் சீட் எடுக்க வேண்டும். வரிக்காசு மட்டும் கையால் கட்ட வேண்டும். அதை அரிசிப் பேணிக்குள் தனியாக வைத்திருந்தேன். ஆனால் அந்த இலவசச் சீட் எல்லா நாளும் இருக்காது. ஒரு விமானத்தில் ஒன்று வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே வைக்கமாட்டார்கள். பிச்சைக்காரனுக்குப் போடுகிறமாதிரி.

மார்கழியில், மழை அடித்து ஊற்றி வாவி றோட்டுக்கு ஏறிக்கிடந்த கிழமையில், மூன்றாவது விண்ணப்பத்துக்கு விசா கிடைத்தது. தம்பியின் டொக்டர் எழுதிய கடிதம்தான் கதவைத் திறந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு முதல்நாளிலிருந்து முப்பது நாளுக்கு மட்டும் செல்லுபடியாகும் விசா. நான் அன்றைக்கே புள்ளி அத்தனையையும் மைலாக மாற்றினேன்.

தம்பி போனில் மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

"அக்கா, அம்மாவச் சுறுக்கா அனுப்பு. எனக்கு ஒண்டும் கொண்டர வேணாம். அவட கையால ஒரு வாய் சோறு திண்டாக் காணும்."

"வாயப் பொத்து. ஒரு வாய் என்ன, உன்ன ஊட்டி ஊட்டிக் கொழுக்க வெச்சிட்டுத்தான் வருவா" என்று ஏசினேன். போனை வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

அம்மா அவன் சொன்னதைக் கேட்கவில்லை. மிளகாய்த்தூள் இடித்தார், கருவாட்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். "அங்க கருவாட்ட உட மாட்டானுகள் அம்மா" என்றால், "எனக்குத் தெரியும், நீ உன்ட வேலயப் பார்" என்பார். பிளேனில் தனியாக, நடுவில் இன்னொரு நாட்டில் இறங்கி ஏறிப் போக வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சொல்லலாம் என்றேன். "ஏன், எனக்குக் கால் இல்லயா?" என்று கேட்டார். கொழும்புக்கே நாலு தரம்தான் போயிருக்கிறார்.

நான் ஒவ்வொரு நாளும் விடியப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுமுன் கணினியைத் திறந்து பார்ப்பேன். முப்பது நாளையும் ஒவ்வொன்றாக அமத்துவேன். இல்லை, இல்லை, இல்லை. பத்தாம் நாள் காலை ஒரு திகதிக்குக் கீழே பச்சை விழுந்தது. ஒரே ஒரு சீட். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி எல்லாம் அடித்தேன். கடைசியில் உறுதிசெய்யும் பொத்தான் மட்டும் மிச்சம். அப்போதுதான் திகதியை ஒழுங்காகப் பார்த்தேன். பொங்கலுக்கு மறுநாள். கரிநாள். அதுவும் செவ்வாய்க்கிழமை.

இதை எப்படிச் சொல்வது. வகுப்பில் பிள்ளைகளிடம், "பூமிக்குச் சூரியனத் தெரியும், கரிநாளத் தெரியாது" என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறவள் நான். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தலைமயிர் வெட்டுகிறவர்களை முகத்துக்கு நேரே நக்கலடித்தவள். அதே வாயால்தான் இருபத்து மூன்று வருடத்துக்கு முதல் அம்மாவோடு வாதாடினேன். தம்பியின் ஏஜென்ட் சொன்ன நாள் ஒரு கரிநாள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "இண்டைக்கு வேணாம் மகள், நாளண்டைக்குப் போகட்டும்" என்று கெஞ்சினார். "ஏஜென்ட் உங்கட பஞ்சாங்கத்தப் பார்த்தா ஆள் ஏத்துறான்?" என்று நான்தான் அவனுடைய பையைத் தூக்கி வான் வண்டியில் வைத்தேன். அவன் திரும்பி வரவேயில்லை. அம்மா அதை ஒருநாளும் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருப்பேன்.

விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. இரண்டாவது ஆளையும் கரிநாளில் நானே ஏற்றி அனுப்புகிறேனா? தனியாகப் போகிற வயதுபோன மனுசி. நடுவழியில் ஒன்று ஆகிவிட்டால்? விஞ்ஞானமாவது மண்ணாங்கட்டியாவது. கணினியை மூடிவிட்டேன்.

அம்மா குசினிக்குள் இருந்து, "சீட் இரிக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

அவரிடம் கேட்டிருக்கலாம். "கரிநாள்தான் இரிக்கி, போவீங்களா?" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. அவர் மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். அதற்கு முதல் கிழமைதான் வங்கியில் வேலைசெய்யும் ஒரு பிள்ளை, "கடைசி நேரத்தில புதுசா சீட் திறப்பாங்க டீச்சர், சில நேரம்" என்று சொல்லியிருந்தாள். சில நேரம் என்பதைக் காதில் போடாமல் திறப்பாங்க என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாடம், ஒளித்தெறிப்பு. கரும்பலகையில் கோடு கீறிக்கொண்டிருக்கும்போதே என்மேல் எனக்குக் கோபம் பொங்கியது. அடி மடச்சி, என்ன வேலை பார்த்தாய் என்று என்னையே ஏசிக்கொண்டேன். இடைவேளை மணி அடித்ததும் மாமரத்துக்குக் கீழே ஓடிப்போய்ப் போனில் திறந்தேன். பச்சை இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முப்பது நாளில் எதற்குக் கீழேயும் பச்சை விழவில்லை.

வங்கிக்குப் போன் அடித்தேன், விமானக் கம்பனிக்கு அடித்தேன். ஒன்றை அமத்து, மூன்றை அமத்து என்று பாட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். கடைசியில் கிடைத்த ஆள் மரியாதையாக, அடுத்த சீட் பங்குனியில்தான் என்றார். பங்குனியில் விசா இருக்காது. மைலைத் திரும்பப் புள்ளியாக்கிக் காசாக்கலாமா என்று கேட்டேன். மாற்றினது மாற்றினதுதானாம்.

பொங்கல் வந்தது. பானை பொங்கியது. மறுநாள் கரிநாளும் வந்து போனது. அந்த விமானம் நேரத்துக்குக் கிளம்பி, நேரத்துக்கு இறங்கியதைப் போனில் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. என்ன ஆகும்?

பிறகுதான் ஸ்கூட்டியை விற்கத் துணிந்தேன். ஆரையம்பதியில் ஒருவர் வாங்க ஒத்துக்கொண்டார். அதோடு இன்னும் நாலு பேரிடம் கடன் வாங்கினால் டிக்கெட்டுக்குப் போதும். இந்தப் புத்தி முதலே வந்திருக்கலாம். இலவசம், இலவசம் என்று ஒன்பது வருடம் நின்றதில் வேறு வழி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை ஸ்கூட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், தம்பியின் கூட்டாளி சுவிஸில் இருந்து அழைத்தான். "அக்கா" என்றான். தம்பியின் இருதயம் இரவு நின்றுவிட்டதாம்.

அந்தச் செவ்வாய் போயிருந்தால் அம்மாவுக்கு அவனோடு ஐந்து நாள் கிடைத்திருக்கும். ஐந்து நாள். விரலை மடித்து மடித்து எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஐந்துதான் வந்தது.

அடக்கத்தைப் போனில் காட்டினார்கள். அம்மா போனை மடியில் வைத்து, அவன் கன்னத்தைத் தடவினார். தடவியதில் அழைப்பு நின்றுவிட்டது. நான் பறித்துத் திரும்ப எடுப்பதற்குள் பெட்டியை மூடியிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வீடு நிறையச் சனம். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்மா பாயில் இருந்து, வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ட மகள ஒண்டும் சொல்லேலாதுகா. ஊரெல்லாம் திரிஞ்சி, நாயா அலைஞ்சி சேத்தவள். சீட் இல்லாமப் போச்சி, அவள் என்ன செய்வாள் பாவம். ஒரு சீட் இரிந்திரிந்தா எந்த நாளெண்டாலும் நான் போயிரிப்பன். நல்ல நாள், கெட்ட நாள் ஒண்டும் பாத்திரிக்க மாட்டன். பெத்த புள்ளையிட்டப் போறதுக்கு என்ன நாளும் கோளும்?"

கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டன. சொல்லிவிடு, இப்பவே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. பக்கத்தில் இருந்த மாமி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு நாளைக்கெண்டாலும் வரல்லயா புள்ள, அந்தச் சீட்?"

அம்மாவும் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல மாமி" என்றேன். "ஒரு நாளைக்கும் வரல்ல."